மீதி ஒரு லரி நாற்பது

அவன் எடுத்துப்போனவை
சுவரில் இன்னும் இருக்கின்றன.
அலமாரி நின்ற இடம் ஆளுயரத்துக்கு வெளிறிக் கிடக்கிறது.
கடிகாரம் ஒரு வட்டம்.
தொலைக்காட்சி ஒரு நீள்சதுரம்,
அதன் கீழே வாயைப் பிளந்தபடி ஒரு வயர்.
மற்ற இடமெல்லாம்
பதினோரு வருடத்துச் சிகரெட் மஞ்சள்.

திபிலிசி, கிள்தானி, ஒன்பதாம் மாடி.
கையில் இருநூற்று நாற்பது லரி.
மார்ச் முடிவதற்குள் இது
நாலு பேர் வந்து உட்காரும் அறையாக வேண்டும்.
ஏன் மார்ச் என்று கேட்காதீர்கள்,
தேதி வைக்காவிட்டால் நான் எதையும் செய்வதில்லை.

சோபா தொண்ணூறு.
பல் மருத்துவர் ஒருத்தியின்
காத்திருப்போர் அறையில் கிடந்தது.
கைப்பிடியை எத்தனை பேர் இறுக்கிப் பிடித்திருப்பார்கள்,
தேய்மானமே சொல்கிறது.
எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் அசையும்,
ஒரு தடவைக்கு இருபது தெத்ரி.
இருநூறு போட்டாலும் சோபாவை விழுங்காது.
தூக்கிவிட இரண்டு பேர் நாற்பது கேட்டார்கள்.
நானும் மகன் ரேஸியும் மூன்றாம் மாடி ஷாக்ரோவும்
மாடிக்கு மாடி இறக்கிவைத்து
அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினோம்.
ஐந்தாம் மாடி இனேஸா கதவைத் திறந்து
"இங்கேயே இருக்கட்டுமே, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.
ஷாக்ரோவுக்கு ஒரு புட்டி திராட்சை மது. பன்னிரண்டு.

வாசலில் நுழையவில்லை.
அளவெடுத்தவள் நான்தான்,
கால்களை விட்டுவிட்டேன்.
ரம்பம் இரவல்.
நாலு காலும் போன பிறகு
தவழ்ந்து உள்ளே வந்தது.
உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடுகிறது.
அறுத்த கால்களில் ஒன்றை நிமிர்த்தி, ஹோல்டர் பொருத்தி,
பல்பு மாட்டினேன். பதினெட்டு.
மூன்று கால்கள் மிச்சம்.
அவற்றுக்கும் ஏதாவது தோன்றும்.

பெயிண்ட் முப்பத்தைந்து.
யாரோ கலக்கச் சொல்லி, பிடிக்காமல் விட்டுப்போன டின்.
மூடியில் 'பாலைவன விடியல்'.
திறந்தால் பூசணிக்காய்.
பிரஷ் எட்டு.
மூன்று சுவர் அடித்தேன்,
மூன்றும் என் தோள் உயரத்தில் நின்றுவிட்டன.
டின்னைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தேன்.
பிறகு டேப் ஒட்டி விளிம்பை நேராக்கினேன்.
இப்போது
தீர்ந்துபோனது போல இல்லை,
நிறுத்தியது போல இருக்கிறது.
கோட்டுக்கு மேலே கடிகாரத்தின் வட்டம் மட்டும்
மணி காட்டாமல் நிற்கிறது.

திரைக்குத் துணி, சந்தையில், நாற்பத்தைந்து.
கடைக்காரர் அதை மேஜைவிரிப்பு என்றார்,
நான் திரை என்றேன்,
விலையில் மட்டும் ஒத்துப்போனோம்.
ஆணி மூன்று.

இருபத்தொன்பது மிச்சம்.
உறையில் போட்டு 'தரைவிரிப்பு' என்று எழுதி
ரேஸியிடம் கொடுத்தனுப்பினேன்.
பதினாலு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம்.
திரும்பி வந்தான்
ஒரு கண்ணாடிக் குடுவையோடு,
ஒற்றை மீனோடு,
ஒரு பொட்டலம் தீனியோடு.
இருபத்தேழு அறுபது.

கத்தினேன்.
ஒன்பது மாடிக்கும் கேட்டிருக்கும்.
"தரையை யார்மா பார்க்கிறார்கள்?" என்றான்.
"அதுவும் சுவருக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கினேன்."

பொருத்தம்தான்.
தொலைக்காட்சி இருந்த இடத்தில்
முக்காலி போட்டுக் குடுவையை வைத்தோம்.
பூசணிச் சுவருக்கு முன்னால்
பூசணி நிறத்து மீன்
காணாமல் போனது.
அது திரும்பும்போது
ஒரு கண் மட்டும் தண்ணீரில் நகர்கிறது.
அன்றிரவு நாங்கள் இருவரும்
முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு
பதினொன்றரை வரை
அந்தக் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம்.
தரை சில்லென்றுதான் இருந்தது, சொல்லவில்லை.

மீதி ஒரு லரி நாற்பது.
லிஃப்டில் ஏழு முறை ஏறலாம்,
இறங்குவதற்குக் காசில்லை.

மார்ச் இருபத்தெட்டு, மாலை.
கையில் சில்லறையோடு கீழே நிற்கிறேன்,
வருகிறவர்களை என் செலவில் ஏற்றிவிட.
முதலில் இனேஸா.
ஐந்தாம் மாடிதான்,
நாலு மாடி ஏறினால் என் கதவு.
ஆனால் உதட்டுச் சாயம் பூசி,
கையில் கேக் பெட்டியோடு
கீழே இறங்கி வந்து
லிஃப்டுக்கு முன் நிற்கிறாள்,
தொலைதூரத்திலிருந்து வந்த
விருந்தாளி மாதிரி.