கையிருப்பு

டாகவ்பில்ஸ் நகரில் டிராம் ஓட்டுகிறேன்,
ஸ்ட்ரோபி ஏரிவரை போகும் வண்டி.
குளிர்காலம் தொடங்கிவிட்டால் இந்த ஊருக்கு
நாளொரு கையுறையாவது தொலைத்தாக வேண்டும்.
கண்டெடுப்பவர் அதைப் பக்கத்து வேலிக் கம்பியில்
விரல்கள் மேலே பார்க்க மாட்டிவிட்டுப் போவார்.
கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஏழு நிமிடம்.
நான்கு தேநீருக்கு, மூன்று படத்துக்கு.
படமெடுக்க என் வலக்கை உறையைக் கழற்றிப்
பல்லில் கவ்விக்கொள்வேன்.

ஆறு குளிர்காலம்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, கைவிடப்பட்ட கைகள்.
"தொலைபேசியிலேயே கிடந்தால் அவையும் தொலைந்தவைதான், வெல்கா"
என்றார் பணிமனைக் கணக்கர் ரோமுவால்ட்ஸ்.

அதனால் ஒரு பெயர் வாங்கினேன், ஆண்டுக்குப் பன்னிரண்டு யூரோ.
இடம் வாடகைக்கு எடுத்தேன், மாதம் நான்கு.
ஐந்தே நிமிடத்தில் நிறுவலாம் என்றது;
ஞாயிற்றுக்கிழமையை முழுதாய் விழுங்கியது.
இலவச வார்ப்புருவோடு ஒரு கடற்கரையும்
அதில் தொப்பி வைத்த ஒருத்தியும் வந்தார்கள்.
அவளை நீக்கப் போனால்
உறுதியாகவா, உறுதியாகவா என்று இருமுறை கேட்டது.
உறுதியாகத்தான், அம்மா. உனக்குக் கையே தெரியவில்லை.

பின்னணி வெள்ளை வைத்தேன்:
பனியில் கிடந்த உறைகள் காணாமல் போயின,
இரண்டாவது முறையாக.
கறுப்பு வைத்தேன்: துக்க வீடு.
கடைசியில், டிசம்பர் மாலை நாலு மணி வானத்தின் சாம்பல்.

வகைகள் என்று ஒரு பெட்டி.
நிறம், கம்பளி, தோல், நிறுத்தத்தின் பெயர் என்று
நாற்பது எழுதி நாற்பதையும் அழித்தேன்.
இடது. வலது.
குழந்தைகளின் உறைகள் எந்தக் கைக்கும் பொருந்தும் என்பதால்
மூன்றாவதாக, தெரியாது.
இப்போது அதில்தான் கூட்டம் அதிகம்.

இரண்டு மெகாபைட்டுக்கு மேல் வாங்கமாட்டேன் என்று
ஒற்றைக் காலில் நின்றது தளம்.
ஒவ்வொன்றாய்ச் சுருக்கி ஏற்றினேன்,
கொதிநீரில் துவைத்த கம்பளி போல.

படத்தின் கீழ் ஒரு வெற்றுக் கட்டம்:
காண இயலாதவருக்கு இது என்னவென்று சொல்லுங்கள்.
கையுறை, என்று எழுதினேன்.
கையுறை, கறுப்பு.
முப்பதாவதுக்கு வரும்போது இப்படி ஆகிவிட்டது:
கறுப்புத் தோல், ஆள்காட்டி விரல் நுனி மட்டும் வெளுத்திருக்கிறது,
எதையோ நாள்தோறும் அழுத்துகிறவர்,
மின்தூக்கிப் பொத்தானோ, யாரேனும் வீட்டு அழைப்புமணியோ.
நானூற்று ஆறு: உள்ளே பனி நிரம்பி இறுகியிருப்பதால்
யாரோ இன்னும் அணிந்திருப்பது போல் தெரிகிறது.

ஓர் இரவு, நட்சத்திரம் என்று தேடினேன்,
வேறெதற்கோ.
இரண்டு வந்து அருகருகே நின்றன.
சிவப்புக் கம்பளி, எட்டுமுனை நட்சத்திரம்,
மணிக்கட்டில் பச்சை நூலால் ஒரே கையின் தையல்.
இடது: முதல் ஆண்டு பிப்ரவரி, சந்தை நிறுத்தம்.
வலது: போன நவம்பர், ஏரி.
இடையில் நான்கு குளிர்காலம்
யாரோ ஒற்றை உறையை வீசாமல் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்,
மற்றக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு.
அல்லது இன்னொன்று பின்னி, அதோடு.
தெரியாது.

இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தேன்.
கணினியில் கைகூடியது.
கைப்பேசியின் குறுகிய திரையிலோ
ஒன்றன்கீழ் ஒன்றாய் விலகி விழுந்தன,
வலதைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.
எத்தனை சுருங்கினாலும் பிரியக்கூடாது என்று
அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கட்டளை எழுத
மூன்று இரவு.
பணிமனையில் கொட்டாவி விட்டதற்கு
ரோமுவால்ட்ஸ் காரணம் கேட்டார். சொல்லவில்லை.

சோடி என்று நான்காம் வகை. அடைப்பில் எண், ஒன்று.
வெளியிடு.

விடிய நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன்.
பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று; அது நான்.
ஏரி நிறுத்தத்தில் வேலி காலி.
இரவு பெய்த பனி மட்டும்
கம்பி கம்பியாய் ஏறி உட்கார்ந்திருந்தது.
அந்த மூன்று நிமிடமும் தேநீருக்கே போயிற்று.