அரை ஆள்

வாசல் நிலையில் ஒரு தகரத் தகடு:
ஆயிரத்து இருநூறு கன அடி. மூன்று ஆள்.
பத்து வயதுக்குக் கீழே என்றால் அரை ஆள்.
அந்தக் காலத்து கிளாஸ்கோ
காற்றை இப்படித்தான் பங்கு போட்டிருந்தது.

நான் எண்ண வந்தவள். காசநோய்ப் பிரிவு.
தோல்பையில் நூற்றுச் சொச்சம் அட்டைகள்,
ஒரு பென்சில்,
சளிக்கு மூடிபோட்ட மூன்று கண்ணாடிக் குப்பிகள்.
மூன்றாம் மாடி. படிவிளக்கு அணைந்து இரண்டு வாரமாம்.
கைப்பிடியைத் தொடாமல் இருட்டில் ஏறப் பழகியிருந்தேன்.

திருமதி மெக்ளாஷன் கதவைத் திறக்குமுன்
உள்ளே எதுவோ நகர்ந்தது.
"எத்தனை பேர் படுக்கிறீர்கள்?"
"தகட்டில் போட்டபடிதான், மிஸ்."

அவள் கணவன் ஆர்ச்சி, கப்பல் பட்டறையில் தறையாணி அடித்தவன்,
அடுப்பருகே உட்கார்ந்து
ஒரு 'வணக்க'த்தை மூன்று மூச்சில் சொன்னான்.
சானடோரியத்துக்குக் காத்திருப்போரில் அறுபத்திரண்டாம் ஆள்.
(அந்த வரிசையில் முழு ஆள்தான்.)

சுவரைக் குடைந்து செய்த கட்டில்.
போர்வைக்குள் கையை விட்டேன்.
சூடு.
பகல் பதினொரு மணிக்கு.
புரிந்துவிட்டது என்று நினைத்தேன்:
ராத்திரி ஷிப்ட் முடித்த வாடகைக்காரன் எவனோ,
ஆர்ச்சி எழுந்த பள்ளத்தில் அவன்,
அவன் எழுந்த பள்ளத்தில் பிள்ளைகள்.
இந்தத் தெருவில் கட்டில்கள் ஆறுவதே இல்லை.

அப்போது கரித்தொட்டிக்குள் ஓர் இருமல்.

யாரும் அசையவில்லை.
பிறகு ஆர்ச்சி,
நேரம் தப்பிய நடிகனைப் போல,
தானும் இருமிக் காட்டினான்.
தொடங்கியவனால் நிறுத்த முடியவில்லை.

மூடியைத் தூக்கினேன்.
வாடகைக்காரன் இல்லை.
ஆறு வயது, முழங்காலைக் கட்டிக்கொண்டு,
முகமெல்லாம் கரி, கண்ணில் காய்ச்சல்.
மூன்றாவது பிள்ளை எஃபி.
தகட்டுக்கு மேல் மிஞ்சிய அரை.

அரை ஆளுக்கு முழு இருமல்.

"தகட்டுக்காரர்களிடம் சொல்வீர்களா?" என்றாள் தாய்.
அவர்கள் எங்களுக்கு அடுத்த அறை.
கதவுகூடக் கிடையாது, ஒரு திரைதான்.
அதைச் சொல்லவில்லை.
புது அட்டை எடுத்தேன். அதில் அரைக்குக் கட்டம் இல்லை.
யூஃபீமியா ரேங்கின் மெக்ளாஷன் என்று
நீளமாக, முழுசாக எழுதினேன்.
பென்சில் முனை ஒருமுறை ஒடிந்தது.

குப்பியை நீட்டினேன்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"வேலை முடிந்ததும் இதில் கோலிக்குண்டு போட்டுக்கலாமா?"

இறங்கும்போது
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.
முற்றத்துக் குழாயில்
அப்புறம் மூன்று தடவை கை கழுவினேன்.