டிப்பர்களுக்கு இடையில்

நகத்தில் பாதி அளவு சிப்.
கட்டுநாயக்காவில் பதினொரு நாள் மறித்து வைத்தார்கள்.
'பொருள் யாது' என்ற கட்டத்தில்
கஜானி முதலில் 'ஒளிப் பண்பேற்றி' என்று எழுதினாள்,
வெட்டினாள்,
'சிறு கண்ணாடித் துண்டு, விற்பனைக்கல்ல' என்றாள்.
அதன்பிறகே விட்டார்கள்.

திருநெல்வேலி, பௌதிகக் கட்டடம், கீழ்த்தளம்.
சித்திரை வெக்கை சுவருக்குள் ஊறிக் கிடக்கிறது.
ஒரு பாகை ஏறினாலும் சிலிக்கன் பேச்சு மாறும்,
அதனால் பகலில் அளப்பதில்லை.
காற்றில் மிதக்கும் மேசை வாங்கக் காசில்லை;
நாலு சைக்கிள் ரியூப், மேலே ஒரு கருங்கல் பலகை.
ரியூப்புக்குக் காற்றடிப்பது என் வேலை.

தலைமயிர்த் தடிப்பில் ஃபைபர்.
ஒளி போகும் உள்வழி அதில் பத்திலொன்றும் இல்லை.
அதைச் சிப்பின் வாய்க்கு நேரே நிறுத்தவேண்டும்
மூச்சை அடக்கி, திருகாணியைத் தொட்டும் தொடாமலும்.
கண்ணுக்குத் தெரிகிற ஒளியுமல்ல.
மீற்றர் இருக்கிறது என்றால் இருக்கிறது.

உள்ளே போய் அது இரண்டாகப் பிரியுமாம்.
ஒரு வழியில் வோல்ற்றேஜ் கொடுத்து
இலத்திரன்களைக் கூட்டிக் குறைத்தால்
அந்த வழியால் வருவது ஒரு எட்டுப் பிந்தும்.
பிறகு இரண்டும் சேரும்.
ஒத்து வந்தால் வெளிச்சம்.
எதிராக வந்தால்
இரண்டு வெளிச்சமும் சேர்ந்து இருட்டு.

"புருசன் பெண்சாதி சேர்ந்து கத்தினா
ஒருத்தற்ற கதையும் விளங்காதே, அப்பிடியோ?"
"இல்லை அண்ணை. ஒராள் இழுக்க மற்றாள் தள்ள
வண்டில் நிண்ட இடத்தில நிக்குமே, அது."

செக்கனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கோடித் தடவை
நிற்கவும் வேண்டும் ஓடவும் வேண்டும் அந்த வண்டில்.

பத்து நாற்பதுக்கு முதல் டிப்பர்,
பலாலி றோட்டால், கிழக்குக் கரை மணலோடு.
கோப்பையில் தேத்தண்ணி அசையவில்லை.
மீற்றர் மட்டும் விழுந்தது.
மறுபடி திருகாணி. மறுபடி மூச்சு.
பதினொன்று இரண்டுக்கு அடுத்தது.
பதினொன்று ஒன்பதுக்கு இரண்டு ஒன்றாக.

கஜானி லொக் புத்தகத்தில்
அளவுகளை விட்டு டிப்பர்களை எழுதத் தொடங்கினாள்.

"மணலை மணல் குழப்புது பிள்ளை," என்றேன்.
"ரெண்டும் வேலைக்குப் போற மணல்தான்,
ஒண்டை மெச்ச வேண்டாம்," என்றாள், நிமிராமல்.
நான் ரியூப்பை அமத்திப் பார்த்தேன்.

இரண்டு பதினேழுக்குப் பிறகு றோட்டில் சத்தமில்லை.
கொடிகாமத்தடியில் பொலிஸ் மறித்திருக்கலாம்.
நாய்கூடக் குரைக்கவில்லை.

திரையில் முதலில் வெறும் பஞ்சு.
கேபிளை இறுக்கினாள். பயஸை ஒரு நூல் கூட்டினாள்.
கோடுகள் மேலும் கீழுமாய் ஒதுங்க
நடுவே ஒரு கண்.
கண் என்றுதான் அதற்குப் பெயர், நான் வைத்ததல்ல.
அது திறந்திருந்தால்
ஒன்றை பூச்சியம் மிதிக்கவில்லை என்று கருத்து.
இமை நடுங்கிற்று.
திறந்துதான் இருந்தது.

"இப்ப அதுக்குள்ளால என்ன போகுது?"
"ஒண்டுமில்லை. தாறுமாறா ஒண்டும் பூச்சியமும்.
லேசான செய்தி எண்டால் எதுவும் பாஸ் பண்ணிடும்.
கண்டபடி வாறதைத் தாங்கவேணும்."
எனக்கு மகளின் பெயரை அனுப்பிப் பார்க்க ஆசை.
கேட்கவில்லை.

முப்பத்துநாலு நிமிடம்.
அவள் கண்ணைச் சேமித்தாள், பிழைகளை எண்ணினாள்,
ஒருமுறை கொட்டாவி விட்டாள்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு
தூரத்தில் கியர் மாற்றும் சத்தம்.
கண் மங்கி, மூடி, பஞ்சு.
அதையும் நேரம் போட்டு எழுதினாள்.
"ஆர் இந்தச் சாமத்தில வீடு கட்டுறது?"

கோண்டாவிலில் எனக்கு நாலு சுவர் அரையில் நிற்கிறது.
வெள்ளிக்கு முதல் ஒரு லோட் பறிக்கிறன் என்று
சொல்லிப்போனவன் முகம் நினைவில் வந்தது.
காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு
மேசைக்குக் கீழே குனிந்தேன்.