முன் படிப்பு விவரம்

ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு விண்ணப்பம் நிரப்புகிறேன்,
காரைக்குடி செக்காலை ரோட்டில்
நகைக்கடைக்கு மேல்மாடி.
புகைப்படத்தை ஐம்பது கேபிக்குச் சுருக்குவேன்,
கையெழுத்தை இருபதுக்கு.
புதுவயல் ரைஸ்மில்காரர் மகனின் சாதிச் சான்று
பள்ளத்தூர்ப் பெண்ணின் மாற்றுச் சான்று
எல்லாம் என் ஸ்கேனர் கண்ணாடியில்
குப்புறப் படுத்து எழுந்தவைதான்.

அன்று கடை சாத்திய பிறகு
ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு
என்னுடையதைத் திறந்தேன்.

பெயர், பிலோமினா.
முதலெழுத்தில் நின்றுவிட்டது.
மதிப்பெண் பட்டியலில் ஆ., ஆரோக்கியம் மகள்.
ஆதாரில் ச., சந்தியாகு மனைவி.
இருவரும் ஒருத்திதான் என்று
நோட்டரி ஒருவர் சொல்ல வேண்டுமாம்.

முன் படிப்பு, இளங்கலை கணிதம்.
நான்கு பருவம் முடித்தேன்.
ஐந்தாவதில், பகுப்பாய்வியல் தேர்வன்று
இரண்டாம் வினா எழுதும்போது
பனிக்குடம் உடைந்தது.
எழுந்து நின்றதைப் பார்த்து
கூடுதல் தாள் வேண்டுமா என்றார் கண்காணிப்பாளர்.

இடைநின்ற காரணத்துக்கு ஒரு பெட்டி,
இருநூறு எழுத்துக்குள்.
‘குடும்பச் சூழ்நிலை’ என்றுதான்
வருகிறவர்களுக்கெல்லாம் போடுவேன்,
யோசிக்காமல், பாதி தட்டும்போதே மீதியைக் கணினி காட்டும்.
எனக்குக் கை வரவில்லை.
‘மகள் பிறந்தாள்’ என்று அடித்தேன்.
இன்னும் நூற்று எண்பத்தாறு மீதம் என்றது.

அடுத்த பக்கம் கிரெடிட் கேட்டது.

“உங்க மார்க் ஷீட்ல கிரெடிட்டே இல்லையேம்மா”
என்றார் பல்கலைக்கழகத்து மூன்றாம் சன்னல்காரர்.
அப்ப மார்க் மட்டும்தான் சார் குடுத்தாங்க.
“அப்படின்னா பழைய பாடத்திட்டம் கொண்டாங்க.
பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வேணும்.”

தேவகோட்டையில் என் கல்லூரி
பெயிண்ட் மாற்றியிருந்தது, மற்றபடி அதேதான்.
நூலக உதவியாளர் மரியதங்கம்
ஏணியில் ஏறி, தும்மி, தும்மி,
நாற்பத்தொரு பக்கம் கண்டெடுத்தார்.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
முத்திரை மை காயுமுன் அடுக்கியதில்
ஒவ்வொரு பக்கத்தின் முதுகிலும்
முந்தைய பக்கத்து முதல்வர் தலைகீழாய்.

ரஸ்தாவில் பஸ் நிற்கும்போது பிரித்துப் படித்தேன்.
வகைக்கெழுச் சமன்பாடுகள், அலகு மூன்று, தொகையீட்டுக் காரணி.
பெயர் தெரிகிறது.
எப்படிக் கண்டுபிடிப்பது என்பது போய்விட்டது.
எழுபத்தொன்று வாங்கியிருக்கிறேன் அதில்.
பாட்டிலைத் திறந்து சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்தேன்.
எதை எடுத்துக்கொண்டு போய்
எதற்கு மதிப்புக் கேட்கிறேன்?
சன்னல்காரர் ஒரு கணக்குக் கொடுத்து
இதைப் போடும்மா என்றால்
வெளியே செம்மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

அப்படி யாரும் கேட்கவில்லை.
முப்பத்தேழு நாள் கழித்துக் கடிதம் வந்தது.
பதினாறு தாளில் ஏழு ஏற்றார்கள், இருபத்தாறு கிரெடிட்.
மறந்துபோன சமன்பாடுகள் தேறிவிட்டன.
புள்ளியியல் தேறவில்லை.
சராசரி, விலக்கம், நிகழ்தகவு,
இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்,
மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
அது பாடத்திட்டம் மாறிவிட்டதாம்.
திரும்ப எழுத வேண்டும்.

சிரித்தேன். பிறகு கொஞ்சம் கோபம் வந்தது.
பிறகு ஆறரை மணி, மூன்று பேர் வரிசையில்.
வருமானச் சான்று, வருமானச் சான்று, பான் கார்டு.

ஒன்பதரைக்கு மறுபடி ஷட்டர், முழங்கால் உயரம்.
ஓடிபி வந்தது. கட்டணம் போனது.
விண்ணப்ப எண் திரையில் நின்றதும்
“போனில் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க,
தொலைச்சுட்டு வந்து நிக்காதீங்க”
என்றேன், வழக்கம்போல், சத்தமாகவே.
எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாளி காலையில் நோட்டைப் பார்ப்பார்.
கைப்பையிலிருந்து அறுபது ரூபாயை
கல்லாவில் போட்டுவிட்டு
கடைசி வரியில் எழுதினேன்:
பிலோமினா, கல்லூரி விண்ணப்பம், அறுபது,
வரவு.