அறுபது என்றேன்

அறுபது என்றேன்.
சத்தியமாக அறுபது.
முள்ளைப் பார்த்தேன், ஹில்க்கா,
இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அவள் தலையாட்டவில்லை, மறுக்கவுமில்லை.
சரளைச் சாலையில் என் சக்கரங்கள்
விட்டு விட்டுக் கீறியிருந்த கோட்டின் தலைமாட்டில்
அளவுநாடாவின் கொக்கியை ஊன்றினாள்.
ஈனாரி ஏரிக்கு வடக்கே
செப்டம்பர் வெளிச்சத்துக்கு அவசரமில்லை,
அவளுக்கும் இல்லை.
நாற்பது மீட்டர்.
அதில் முப்பதாவது மீட்டரில்
பனிமான் கன்று.

ஆந்தே குந்தியமர்ந்து
அதன் காதை விரலால் விரித்தான்.
இரண்டு வெட்டு, ஒரு பிறை.
அவன் அக்காவின் குறி.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
என் வேனுக்குள்ளிருந்து
ரை ரொட்டியின் வாசம்
வெட்கமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

பிறகு ஹில்க்கா தன் காரை
அதே சரளையில் மூன்று முறை ஓட்டிவந்து
அழுத்தி நிறுத்தினாள்.
சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி.
ஐந்து, என்றாள்.
ஐந்து என்ன?
நொடிக்கு ஐந்து மீட்டர், ஒவ்வொரு நொடிக்கும்.
நொடியை எதற்கு இரண்டு முறை சொல்கிறாள் என்று
அப்போது விளங்கவில்லை.

வேனின் முகப்புத் தூசியில்
விரலால் எழுதினாள்.
நின்ற இடத்தில் வேகம் சுழியம்.
அங்கிருந்து பின்னால் போகலாம்.
முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கு, இரட்டிப்பாக்கு.
ஐந்து, நாற்பது, இரண்டு: நானூறு.
வர்க்கமூலம் இருபது.
நொடிக்கு இருபது மீட்டர் என்றால்
மணிக்கு எழுபத்திரண்டு.

தூசிக் கணக்கு, ஊதினால் போய்விடும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இரவு சமையலறை மேசையில்
நானே போட்டுப் பார்த்தேன்,
தப்புக் கண்டுபிடிக்கத்தான்.
இருபதிலிருந்து ஒவ்வொரு நொடியும்
தன் பங்கு ஐந்தைப் பிடித்துக்கொள்கிறது.
பதினைந்து. பத்து. ஐந்து. அவ்வளவுதான்.
நொடி ஏன் இரண்டு முறை என்பது
அந்த நாலு வரியில் தெரிந்துபோனது.

ஆனால் தூரம் அப்படிச் சமமாகக் குறையவில்லை.
முதல் நொடி பதினேழரை மீட்டரை விழுங்கியது,
அடுத்தது பன்னிரண்டரை.
கூட்டினால் முப்பது.
முப்பதில் யார் நின்றிருந்தது என்று
கூட்டல் கேட்காது.
வேகத்தில் பாதிதான் போயிருந்தது அங்கே.
பாதையில் முக்கால் போயிருந்தது.
மிச்சம் நொடிக்குப் பத்து மீட்டர்,
ஒரு கன்றுக்கு அது தாராளம்.
கடைசி நொடி எவ்வளவு சாது!
இரண்டரை மீட்டர்.
என் துடுப்புப் படகின் நீளம்கூட இல்லை.

மெய்யாகவே அறுபதில் வந்திருந்தால்?
அதையும் போட்டேன், போட்டிருக்கக் கூடாது.
இருபத்தெட்டில் நின்றிருப்பேன்.
கன்று திரும்பிப் பார்த்திருக்கும்.

அப்படியானால் நான் பார்த்த முள்?
காபி ஆறிய பிறகுதான் பிடிபட்டது.
எழுபத்திரண்டிலிருந்து சுழியத்துக்கு இறங்குகிற முள்
அறுபதைத் தொடாமல் இறங்க முடியாது.
பிரேக்கை மிதித்து
முக்கால் நொடிகூட ஆகியிருக்காது,
பன்னிரண்டு மீட்டர் கழிந்திருக்கும்,
ஓர் இமைப்பு அது அறுபதில் இருந்தது.
நான் கண்ணைத் தாழ்த்தியது அப்போது.
பொய் சொல்லவில்லை.
ஓர் இமைப்புக்கு மட்டும் பொருந்துகிற உண்மையை
வழி நெடுகப் பரப்பிவிட்டேன்.

காலையில் ஹில்க்காவை அழைத்தேன்.
அறுபதைப் பார்த்தேன், மிதித்த பிறகு, என்றேன்.
மறுமுனையில் பேனா மூடி கழலும் ஓசை.
இன்னொரு தரம் சொல், மெதுவாக, என்றாள்.
சொன்னேன்.
பிறகு ஆந்தேயின் அக்கா பெயரைக் கேட்டேன்.