பால்

சொசைட்டியில் மூன்றரை லிட்டர் ஊற்றிவிட்டு
காலித் தூக்குப்போசியோடு அப்படியே பஸ் ஏறினேன்.
திருச்செங்கோடு ஆபீஸ், மூன்றாம் நம்பர் ஜன்னல்.
காகிதக் கட்டின் மேல் ரிக் வண்டியின் பழைய பிட்டு.
இந்த ஊரில் பாறை குடைந்து தேய்ந்தவையெல்லாம்
கடைசியில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கின்றன.

"ஏனுங், வூட்டுக்காரர் இறப்புச் சர்டிபிகேட்டுங்க.
வாரிசுக்கு இதத்தான் கேக்கறாங்க."
வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார்.
"இந்தியிலயல்ல இருக்குது."

ஆமாம், இந்தியில்தான் செத்தார்.
சத்தீஸ்கரில், கட் என்று முடியும் ஏதோ ஓர் ஊரில்
எழுநூறு அடி தாண்டியும் புழுதி மட்டுமே வந்த குழியோரம்
ராடு மாட்டும்போது.
மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார்.
ஐஸ் பெட்டிக்குள்ளும்
காதோரம் வெள்ளையாகக் கல்மாவு.

தறிக்கு வந்திருக்கும் பீகார்ப் பையனை
எதிர் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள்.
விரல் வைத்துப் படித்தான்.
பேர், அர்த்தநாரி.
தேதி, சரி.
அப்பா பேர் செங்கோடன், அதுவும் சரி.
அடுத்த கட்டத்தில் விரல் நின்றது.

"அது பால். என்ன போட்ருக்குது?" என்றார் கிளார்க்.
பால் என்றதும் எனக்குக்
காடாற்றத் தெளித்த அரை லிட்டர்தான் ஞாபகம்.
பையன் தமிழைத் தேடினான்.
கிடைக்காமல் என்னைக் காட்டினான்.
"அக்கா மாதிரி."

அந்த ஆஸ்பத்திரியில் எழுதினவனுக்கு
நாரி மட்டும் காதில் விழுந்திருக்கிறது.
இங்கே மலையேறி நேர்ந்துகொண்டவர்கள் வீட்டிலெல்லாம்
அந்தப் பேரில் ஓர் ஆண் உண்டு.
கிளார்க்கின் மேஜைப் பலகையிலேயே
ப. அர்த்தநாரீஸ்வரன், இளநிலை உதவியாளர்.
அவர் பலகையைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

"இதும்படி செத்தது ஒரு பொம்பளைங்கம்மா.
உங்க வூட்டுக்காரர் ரெக்கார்டுல இன்னும் இருக்கறாரு."

இருக்கறாரு.
ஒரு வருசமாக யாரும் சொல்லாத சொல்.
சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன்,
சத்தம் வரவில்லை.

பையிலிருந்து பிளக்ஸை எடுத்து விரித்தேன்.
சோளத்தட்டுப் போருக்கு மூடாக்காய்க் கிடந்ததை
நேற்றுச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு.
பெரிய மீசை.
கொழுந்தியாள் கல்யாணத்துப் போட்டோவில்
என்னை வெட்டியெடுத்துவிட்டுப் போட்ட படம்;
சரியாக வெட்டவில்லை.
அவர் தோளில் இன்னும்
என் விரல் நாலு இருக்கிறது.

"பிளக்ஸெல்லாம் ஆதாரமாகாதுங்க."
சொன்னாரே தவிர
மடிக்கச் சொல்லவில்லை.

எழுதினவர்களேதான் திருத்தவேண்டுமாம்.
ஈரோட்டில் ரயில் ஏறினால் இரண்டு ராத்திரி.
சங்ககிரி தாண்டாதவள் நான்.
இல்லையென்றால் ஆன்லைனில் போடலாம்,
இறந்தவர் நம்பருக்கு ஓடிபி வரும், நம்பர் இருக்குதுங்களா?

இருக்கிறது.
மாசாமாசம் ரீசார்ஜ் போடுகிறேன்.
பையனுக்குக்கூடச் சொன்னதில்லை.

பைக்குள் போசியில் மோதி
டரரென்று அதிர்ந்தது அவர் போன்.
வரிசையில் பின்னால் நின்றவர்
யாரோ கூப்புடறாங்க பாருங்கம்மா என்றார்.
ஆறு எண்களையும் சத்தமாக வாசித்தேன்.

கடைசிக் கட்டம், இறந்தவருக்கு என்ன உறவு.
"சம்சாரம்," என்றேன்.
தட்டினார். மறுபடி தட்டினார்.
"எடுத்துக்கமாட்டீங்குது.
இப்போதைக்கு அவர் பொம்பளையல்லங்க.
அம்மா, மக, அக்கா, தங்கச்சி, அவ்வளவுதான் வருது.
கீழ 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குது.
போடட்டுங்களா?"

பிளக்ஸை மடித்துக்கொண்டிருந்தேன்,
மடிப்பு மீசையில் விழாமல்.
"போடுங்க," என்றேன்.
மணி மூணரை.
எருமை கத்த ஆரம்பித்திருக்கும்.