இன்னும் இல்லை

சுவேந்தினி மிஸ் பிழை போடுவதில்லை.
உவர்மலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள்
சிவப்புப் பேனைக்கே தடை.
பிழைத்த கணக்கின் பக்கத்தில்
பச்சை மையில் இரண்டு சொல் எழுதுவா:
இன்னும் இல்லை.

தசமம், இன்னும் இல்லை.
பின்னம், இன்னும் இல்லை.
சிங்களக் கட்டுரையில் கொம்பு விழுந்த எழுத்துகளுக்கும் அதேதான்;
ஹிமாஷா என் கொப்பியை எட்டிப் பார்த்து
விழுந்த கொம்பைத் தன் பென்சிலால் நட்டுவிடுவாள்.

வாங்குகள் இங்கே வரிசையில் இல்லை.
ஆறு பேருக்கு ஒரு மேசை, வட்டமாய்.
ஒளிக்க நினைக்கிறவனுக்கு
முன் எது பின் எது என்று தெரியாது.
அஃப்ராஸ் வந்து சேர்ந்த முதல் கிழமை முழுக்க
கடைசி வாங்கைத் தேடினான்.

போன தவணை எங்கள் குழுவுக்குத் துறைமுகம்.
பழைய பேப்பர், மைதாப் பசை, நீலச் சாயம்,
ஆழமான இடத்தில் இன்னும் கொஞ்சம் நீலம்.
ஒஸ்டன்பேர்க் முனைக்கே எனக்கு இரண்டு நாள் போனது.
காயட்டும் என்று விறாந்தையில் வைத்துப் போனோம்.
காலையில் வந்தால்,
கோட்டைப் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் நடந்து வந்த
இரண்டு புள்ளிமான்
சீனக்குடாவைத் தின்றுகொண்டு நிற்கின்றன.

கிருசாந்தன் அழுதான்.
மிஸ் மானை விரட்டவில்லை, ஆளுக்கொரு தாள் தந்தா:
"இதிலிருந்து நான் கற்றது என்ன?"
மானுக்கு மைதா பிடிக்கும் என்று எழுதினேன்.
அதற்கும் ஒரு பச்சைச் சிரிப்பு வரைந்து தந்தா.

அலுவலகம் வேறு நாடு.
பச்சை மை அங்கே போய்ச் சேரவில்லை.
தை முடியமுதல் உறைக்குள் வரும் துண்டில்
கீழே சிவப்புக் கோடு இழுத்திருக்கும்:
முதலாம் தவணைக் கட்டணம்
இன்னும் செலுத்தப்படவில்லை.

அப்பாவின் படகு புரட்டாசியோடு கரையேறி
நிலாவெளியில் கவிழ்ந்து கிடக்கும்.
டொல்பின் பார்க்கிற சனம்
வைகாசிக்குத்தான் திரும்ப வரும்.
கடலுக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும்
தவணை ஒத்துவருவதில்லை.

பெற்றோர் சந்திப்பும் முன்னைப்போல இல்லை.
மிஸ் ஓரமாய் இருப்பா. பேசவேண்டியது நான்.
பத்து நிமிடத்தில்
என் படிப்பை நானே அப்பாவுக்கு விளக்கவேண்டும்.
பக்கத்து மேசையில் அஃப்ராஸ்
தன் உம்மாவுக்கு ஒளித்தொகுப்பை
இரண்டு கையும் இலையாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

மேல் பொத்தானும் பூட்டி வந்திருந்தார் அப்பா.
கொப்பியை வாங்கி ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினார்.
இன்னும் இல்லை.
இன்னும் இல்லை.
இன்னும் இல்லை.
காது சிவந்துபோனது.
மிஸ்ஸுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்:
"பிள்ளையின்ர கொப்பியிலயுமா எழுதுறது?
வைகாசியில கட்டிப்போடுவன் எண்டு சொல்லு."

"என் பலங்கள் மூன்று" என்று
பாடமாக்கி வந்த பேச்சு
அந்த இடத்திலேயே காணாமல் போனது.
அது காசுக்கில்லையப்பா, பின்னத்துக்கு என்றேன்.
அவர் நம்பவில்லை.
பென்சிலை எடுத்தேன்.

வருசத்தில கடல் எங்களுக்குத் திறந்திருக்கிறது
பன்னிரண்டில் ஐந்து.
தவணை, மூன்றில் ஒன்று.
பகுதி வேறவேறயா இருந்தால் கழிக்கேலாது,
ரெண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவரோணும்.
மூன்றில் ஒன்று எண்டால் பன்னிரண்டில் நாலு.
ஐந்தில நாலு போனால்...
"ஒண்டு மிஞ்சும்," என்றார் அப்பா.
முகம் கொஞ்சம் தெளிந்தது.

வருசத்துக்குத் தவணை மூன்று.
அதை அவர் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

மிஸ் தூரத்திலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினா.

வெளியே வருகையில் அலுவலகக் கதவு திறந்திருந்தது.
அப்பா செருப்பைச் சத்தமில்லாமல் வைத்து நடந்தார்,
நானும் அப்படியே.